வட அமெரிக்கப் பாம்புகள்: எந்தப் புத்தகத்தை நம்பி வாங்கலாம்?

ராலேக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது, வீட்டுக்குப் பின்னால் காடு, பதினொரு வயது மகளுக்குப் பாம்பு என்றால் உயிர், ஆன்லைனில் ஆசையாக வாங்கிய புத்தகம் குப்பையாக இருந்தது, நம்பி வாங்கக்கூடிய ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நானும் பதினேழு வருஷமாக வட கரோலினாவில்தான் இருக்கிறேன். இந்தப் புத்தகங்களோடு நிறைய புழங்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்களை ஏமாற்றிய அந்தப் புத்தகம். எனக்கும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. அட்டையில் படமெடுப்பது போல் தலை தூக்கிய ராட்டில்ஸ்நேக் (வாலில் கிலுகிலுப்பை உள்ள விஷப்பாம்பு), உள்ளே "காப்பர்ஹெட்" என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் கார்ன்ஸ்நேக்கின் படம். காப்பர்ஹெட் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கார்ன்ஸ்நேக் எலி பிடித்துத் தின்னும் சாது. எழுதியவர் பெயரை எங்கே தேடியும் அவர் பாம்பைப் பற்றி வேறு ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. இப்படிப்பட்டவை இப்போது ஏராளம். யாரோ எங்கிருந்தோ அள்ளிப் போட்டு, ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்புகிறார்கள். அன்றிலிருந்து எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும் நான் முதலில் புரட்டுவது காப்பர்ஹெட் பக்கத்தைத்தான். முதுகில் இருக்கும் பழுப்புப் பட்டை நடு முதுகில் குறுகி, இரண்டு பக்கமும் விரிந்து மணல் கடிகாரம் போல இருக்கும் என்று எழுதியிருக்கிறதா? குட்டியின் வால் நுனி மஞ்சள் பச்சையாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறதா? எந்தெந்தப் பகுதியில் வாழ்கிறது என்று வரைபடம் இருக்கிறதா? எந்த விஷமில்லாத பாம்போடு குழப்பிக்கொள்வார்கள் என்று இருக்கிறதா? நாலும் இருந்தால் மேலே படிக்கலாம். வரைபடமே இல்லை என்றால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

சரி, நல்ல புத்தகங்களுக்கு வருவோம். உங்கள் மகளுக்கு முதலில் வாங்க வேண்டியது "வட அமெரிக்கா" என்று அட்டையில் போட்ட எதுவும் இல்லை. உங்கள் மாநிலத்துப் புத்தகம்தான். வட கரோலினாவில் இருக்கும் பாம்பினங்கள் நாற்பதுக்குள்தான், அதில் விஷமுள்ளவை ஆறு. காப்பர்ஹெட், காட்டன்மவுத், மூன்று வகை ராட்டில்ஸ்நேக், ஒரு கோரல்ஸ்நேக். ஒரு கண்டத்துப் பாம்பையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தால் அரிசோனாவில் மட்டும் இருப்பதை ராலேயில் பார்த்ததாகக் குழந்தை முடிவு கட்டிவிடும். பெரியவர்களே கட்டுகிறார்கள். கரோலினாக்களுக்கும் வர்ஜீனியாவுக்கும் சேர்த்து நார்த் கரோலினா யுனிவர்சிட்டி பிரஸ் போட்ட 'ஆம்ஃபிபியன்ஸ் அண்ட் ரெப்டைல்ஸ் ஆஃப் த கரோலினாஸ் அண்ட் வர்ஜீனியா' என்ற நூலின் இரண்டாம் பதிப்பு 2010இல் வந்தது. அதை வாங்குங்கள். வில்லியம் பால்மர், ஆல்வின் பிராஸ்வெல் இருவரும் சேர்ந்து 1995இல் எழுதிய 'ரெப்டைல்ஸ் ஆஃப் நார்த் கரோலினா' அதைவிடக் கனமானது. இருவருமே உங்கள் ஊரில் இருக்கும் மாநில இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர்கள். வருஷக்கணக்காகச் சேகரித்த மாதிரிகளை ஜாடியில் வைத்து, ஒவ்வொன்றையும் அளந்து, செதிலை எண்ணி எழுதியது. வரைபடத்தில் ஒரு புள்ளி இருந்தால் அந்த இடத்தில் ஒருவர் அந்தப் பாம்பைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார் என்று அர்த்தம். நான் நம்பகம் என்று சொல்வது இதைத்தான். எழுதியவர் தனக்கு எப்படித் தெரியும் என்பதை நமக்குக் காட்டுகிறார்.

மற்ற ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் என்றால் வெர்லரும் டிக்சனும் எழுதிய 'டெக்சாஸ் ஸ்நேக்ஸ்', 2000இல் வந்தது. ஃபுளோரிடா என்றால் கிரிஸ்கோ, எங்கே, மோலர் மூவரும் 2019இல் கொண்டுவந்த பெரிய தொகுதி. கலிஃபோர்னியா என்றால் ஸ்டெபின்ஸும் மெக்கின்னிஸும் 2012இல் எழுதிய கையேடு. தென்கிழக்கு மாநிலங்கள் முழுவதற்கும் சேர்த்து விட் கிப்பன்ஸும் மைக் டோர்காஸும் எழுதிய 'ஸ்நேக்ஸ் ஆஃப் த சவுத்ஈஸ்ட்' இருக்கிறது. படங்கள் அருமையாக இருக்கும், மொழி எளிது, பதினொரு வயதுக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடையாது என்பது என் எண்ணம். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒன்டாரியோவில் இன்று இயற்கையில் மிஞ்சியிருக்கும் விஷப்பாம்பு மாசசாகா ராட்டில்ஸ்நேக் ஒன்றுதான், ஜார்ஜியன் பே பக்கம் போனால் பார்க்கலாம். அங்கே உள்ள மற்ற பாம்புகளைக் கண்டு யாரும் மண்வெட்டி தூக்க வேண்டியதில்லை.

மாநிலப் புத்தகத்துக்கு அடுத்தது பீட்டர்சன் வரிசையில் ஊர்வன, இருவாழ்விகளுக்கான கையேடுகள். இதில் கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று இரண்டு இருக்கின்றன, மாற்றி வாங்கிவிடாதீர்கள். டெக்சாஸும் அதற்கு நேர் வடக்கே அடுக்கியிருக்கும் மாநிலங்களும் கிழக்குப் புத்தகத்தில் வரும், நியூ மெக்சிகோ, கொலராடோவிலிருந்து அந்தப் பக்கம் மேற்குப் புத்தகம். கிழக்கை ரோஜர் கோனன்ட் 1958இல் எழுதினார், பிறகு ஜோசப் காலின்ஸ் சேர்ந்துகொண்டார், நான்காம் பதிப்பு 2016இல் ராபர்ட் பவல் கையால் வந்தது. மேற்கை எழுதியவர் ராபர்ட் ஸ்டெபின்ஸ், 1966. அவர் விஞ்ஞானி மட்டுமல்ல, அந்தப் புத்தகத்தின் படங்களைத் தானே வரைந்தவர். அந்தப் பக்கங்களை ஒருமுறை பார்த்தால் பாம்பு பிடிக்காதவர்களுக்கும் பிடித்துவிடும். அதன் நான்காம் பதிப்பு 2018.

படமா, புகைப்படமா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. நான் வரைந்த படத்தின் பக்கம். புகைப்படம் என்றால் அது ஒரே ஒரு பாம்பு, அன்றைக்கு இருந்த வெளிச்சத்தில், சட்டை உரிப்பதற்கு முன்போ பின்போ எடுத்தது. வரைபவர் நூறு பாம்பைப் பார்த்து அந்த இனத்துக்கே உரிய அடையாளம் எதுவோ அதை எடுத்துக் காட்டுகிறார். ஆனால் ஆரம்பத்தில் புகைப்படமும் வேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது.

இன்னொன்று, பீட்டர்சன் கிழக்குப் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு (1991, அதை விரித்து 1998இல் மறுபடி போட்டார்கள்) பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். உள்ளினங்களை, அதாவது ஒரே இனத்தின் உட்பிரிவுகளை, தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். பெயர்கள் பழசாகியிருக்கும், அடையாளங்கள் பழசாகவில்லை.

இந்தப் பெயர்ச் சிக்கலைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நல்ல புத்தகத்தையே தப்பு என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டுக் காட்டில் கட்டாயம் இருக்கப்போகும் பெரிய கறுப்புப் பாம்பு ஒன்று, இங்கே பிளாக் ராட்ஸ்நேக் என்பார்கள். 1958 பீட்டர்சன் புத்தகத்தில் அதன் அறிவியல் பெயர் எலாஃபே ஒப்சொலீட்டா. 2000, 2001இல் ஃபிராங்க் பர்பிரிங்க் மரபணுவை வைத்து அதை மூன்று இனமாகப் பிரித்தார். அப்புறம் பெயரின் முதல் பாதியான பேரினப் பெயரே பாந்தெரோஃபிஸ் என்று மாறியது. அதன் பிறகும் எல்லைகளைத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். மில்க்ஸ்நேக்கை 2014இல் ஏழாகப் பிரித்தார்கள். காப்பர்ஹெட் 2015இல் இரண்டானது, காட்டன்மவுத்தும் அதே ஆய்வில் இரண்டானது. அதில் ஃபுளோரிடா பக்கத்துக் காட்டன்மவுத்தின் இனப்பெயர் கோனன்ட்டி. அந்தக் கையேட்டை எழுதிய அதே ரோஜர் கோனன்ட்டின் பெயர்தான். ஆக ஒரு பாம்புக்கு மூன்று புத்தகத்தில் மூன்று பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். அமெரிக்காவின் இருவாழ்வி, ஊர்வன ஆய்வுச் சங்கம் பெயர்ப் பட்டியல் ஒன்றை அவ்வப்போது புதுப்பித்து இலவசமாகவே இணையத்தில் தருகிறது. பீட்டர் ஊட்ஸ் நடத்தும் ரெப்டைல் டேட்டாபேஸிலும் பழைய பெயரைப் போட்டால் புதுப் பெயருக்குக் கொண்டுபோய் விடும். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் புதுப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நம் ஊர்ப் பெயரை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. ராட்ஸ்நேக் என்றதும் சாரை என்று நினைப்போம். உறவு ரொம்ப தூரம், நடத்தையும் வேறு. இங்கே இருப்பது எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும், செங்குத்தான மரத்தில் பட்டையைப் பிடித்தே ஏறும். நம் சாரை அப்படிச் சுற்றி நெரித்துக் கொல்வதில்லை. அதைவிட ஒரு படி மேல் ஹாக்னோஸ். மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும் ஒரு குட்டைப் பாம்பு. பக்கத்தில் போனால் கழுத்தை அகலமாக விரித்து, உஸ்ஸென்று சீறும். தஞ்சாவூர்க்காரர் பார்த்தால் சத்தியமாக நல்ல பாம்பு என்றுதான் சொல்வார். அதற்கும் நாம் விலகவில்லை என்றால் மல்லாந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு செத்தது போலக் கிடக்கும். புரட்டி நிமிர்த்தி வைத்தால் மறுபடி மல்லாந்துகொள்ளும்! மனிதனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. விரியன் என்றால் தலை முக்கோணம் என்று நாம் படித்து வந்ததும் இங்கே காலை வாரும். ஒரு பாவமும் அறியாத தண்ணீர்ப்பாம்பு பயந்தால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும், காட்டன்மவுத் என்று அடித்துக் கொல்வார்கள். கோரல்ஸ்நேக்கோ நாகத்தின் குடும்பம், தலை ஒடுங்கி உருண்டையாக இருக்கும். அதற்காகச் சொல்லும் "சிவப்பும் மஞ்சளும் தொட்டால் விஷம்" என்ற பாட்டும் தென்கிழக்கில் பெரும்பாலும் சரி, மேற்கே பாலைவனத்தில் சிவப்பும் மஞ்சளும் ஒட்டிய சாதுப் பாம்பு இருக்கிறது, மெக்சிகோவுக்குள் போனாலே அந்தப் பாட்டை நம்பக் கூடாது. இந்த வரம்புகளைச் சொல்லாமல் பாட்டை மட்டும் அச்சடிக்கும் புத்தகத்தை வாங்காதீர்கள்.

புத்தகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு உதாரணம். போன வருஷம் எங்கள் வீட்டுக் கராஜ் ஓரத்தில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது, நாலடி இருக்கும், நிறம் போய்விட்டிருந்தது. கறுப்புப் பாம்பு என்றால் இங்கே பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ராட்ஸ்நேக், இல்லையென்றால் பிளாக் ரேசர். சட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ராட்ஸ்நேக்கின் முதுகுச் செதிலில் நடுவே நீளவாக்கில் மெல்லிய மேடு ஒன்று ஓடும், முதுகுத்தண்டை ஒட்டிய வரிசைகளில் நன்றாகத் தெரியும். இதில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. அப்புறம் உடம்பின் நடுப்பகுதியில் வயிற்றுச் செதிலை விட்டுவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சாய்வாக வரிசைகளை எண்ணினேன். பதினேழு. வால் பக்கம் வர வர பதினைந்து. ராட்ஸ்நேக் என்றால் நடுவில் பெரும்பாலும் 25, 27 என்று வரும். ரேசர்தான், சந்தேகமே இல்லை. பாம்பைக் கண்ணால் பார்க்கவே இல்லை, தொடவில்லை, ஆனால் பெயர் தெரிந்துவிட்டது. செதில் எண்ணிக்கையும், அதை வைத்துப் படிப்படியாக இனம் கண்டுபிடிக்கும் அட்டவணையும் இருக்கிற புத்தகத்தில்தான் இது முடியும். படம் மட்டும் இருக்கிற புத்தகம் இந்த இடத்தில் கைகொடுக்காது.

இனி கனமான நூல்கள். என்ன பாம்பு என்று தெரிந்துவிட்டது, அது என்ன தின்னும், எப்போது குட்டி போடும், குளிர்காலத்தில் எங்கே ஒடுங்கும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு கார்ல் எர்ன்ஸ்ட், ஈவ்லின் எர்ன்ஸ்ட் தம்பதி எழுதி 2003இல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட 'ஸ்நேக்ஸ் ஆஃப் த யுனைட்டட் ஸ்டேட்ஸ் அண்ட் கனடா'. அறுநூறு பக்கத்துக்கு மேல். அழகான புத்தகம் என்று சொல்ல மாட்டேன், படுக்கையில் படிக்கிற புத்தகமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் அது எந்த ஆய்விலிருந்து வந்தது என்று குறித்திருப்பார்கள். ஒரு தகவலில் சந்தேகம் வந்தால் மூலத்தைத் தேடிப் போகலாம். விஷப்பாம்புகளுக்கு மட்டும் இதே தம்பதி பிறகு இரண்டு தொகுதிகள் எழுதினார்கள். தென் அமெரிக்காவையும் சேர்த்து வேண்டும் என்றால் கேம்ப்பெல், லாமர் இருவரின் 2004 தொகுதிகள். "வட அமெரிக்கா" என்று போட்டாலும் பெரும்பாலான புத்தகங்கள் ரியோ கிராண்டே ஆற்றோடு நின்றுவிடும், மெக்சிகோவுக்கு பால் ஹைமஸ் 2016இல் எழுதியதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

பழைய நூல்களில் இரண்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒன்று, கார்னெல் பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் ரைட்டும் அவர் மனைவி ஆனாவும் 1957இல் வெளியிட்ட இரண்டு தொகுதிக் கையேடு. மற்றது லாரன்ஸ் கிளாபரின் 'ராட்டில்ஸ்நேக்ஸ்', 1956. கிளாபர் தொழிலால் எலக்ட்ரிகல் இன்ஜினியர், சான் டியேகோவில் மின்சாரக் கம்பெனியின் தலைவர் வரை போனவர். பாம்பு அவருக்கு ஓய்வுநேர வேலை. அந்த ஓய்வுநேரத்தில் ஆயிரத்து நானூறு பக்கத்துக்கு மேல் ஒரே ஒரு பாம்பு வகையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு இன்ஜினியரின் புத்தி ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்: கேள்விப்பட்ட கதை எதையும் தள்ளிவிட மாட்டார், எடுத்து வைத்து, அளந்து, எண்ணி, இது இவ்வளவு தூரம்தான் உண்மை என்று சொல்லுவார். வால் கிலுகிலுப்பையின் கண்ணியை எண்ணினால் பாம்பின் வயது தெரியும் என்று இன்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு கண்ணி கூடும், ஆனால் வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் உரிப்பதும் உண்டு, நுனிக் கண்ணிகள் உடைந்து விழுவதும் உண்டு. பிறகு எப்படி வயது தெரியும்? அந்த முழு நூலும் விலை அதிகம், 1982இல் சுருக்கப் பதிப்பு ஒன்று வந்தது, அதைத் தேடுங்கள்.

ஆனால் பழைய புத்தகத்தில் ஒரு பகுதியை மட்டும் தயவுசெய்து நம்ப வேண்டாம், அது முதலுதவி. பாம்பு எப்படி வாழ்கிறது என்று 1957இல் பார்த்து எழுதியது இன்றும் செல்லும். கடித்த இடத்தைக் கீறு, விஷத்தை உறிஞ்சு, இறுக்கிக் கட்டு என்று எழுதியது செல்லாது, அதனால் விரலையும் காலையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே கடி பட்டால் மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 911ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. சந்தேகம் கேட்க பாய்சன் கன்ட்ரோல் எண் 1-800-222-1222, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். இதை அந்தப் பழைய புத்தகத்தின் முதலுதவிப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம், நான் வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் காசு கொடுத்து வாங்கவா என்று கேட்பீர்கள். வேண்டாம். மாநிலப் புத்தகமும் பீட்டர்சனும் வாங்குங்கள், அவை காட்டுக்கு எடுத்துப் போய் மண்ணாக வேண்டியவை. எர்ன்ஸ்ட், ரைட், கிளாபர் எல்லாம் உங்கள் பொது நூலகத்தில் இல்லை என்றாலும், இன்டர்லைப்ரரி லோன் என்று கேட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். நம்மவர்கள் நிறைய பேர் இந்த வசதியைப் பயன்படுத்துவதே இல்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம். ஹோல்புரூக், பெயர்ட், ஜிரார்ட், கோப் ஆகியோர் எழுதிய 19ஆம் நூற்றாண்டு நூல்கள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இலவசம். ஹோல்புரூக்கின் வண்ணப் படங்களை மகளுக்குக் காட்டுங்கள், போனின் குட்டித் திரையில் வேண்டாம். புதுப் புத்தகம் ஒன்று வந்து, வாங்கலாமா என்று தெரியவில்லை என்றால் 'ஹெர்பெட்டலாஜிகல் ரிவ்யூ' இதழில் மதிப்புரை வந்திருக்கிறதா பாருங்கள். அதை எழுதுகிறவர்கள் அந்தப் பாம்புகளோடு வாழ்கிறவர்கள், வரைபடத்தில் ஒரு கவுன்டி தப்பாக இருந்தாலும் பிடித்துவிடுவார்கள்.

உங்கள் மகளுக்கு இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கிய ராமுலஸ் விட்டேக்கர் அறுபதுகளில் பாம்பைக் கையாளக் கற்றுக்கொண்டது இங்கே மயாமியில், பில் ஹாஸ்ட் நடத்திய செர்பென்டேரியம் என்ற பாம்புப் பண்ணையில்தான். சென்னையில் அந்தப் பண்ணையைப் பார்த்திருந்தால் அவளுக்குப் புரியும்.

ஒரு காரியம் உடனே தொடங்கலாம். வீட்டைச் சுற்றிப் பாம்புச் சட்டை கிடைத்தால் எறிய விடாதீர்கள். கசங்காமல் ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, தேதி, கிடைத்த இடம், நீளம் மூன்றையும் காகிதத்தில் எழுதி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். புத்தகம் வந்து சேர்ந்ததும் வரிசையை எண்ணிப் பார்க்கட்டும், பதினேழு வந்தால் எனக்கு எழுதுங்கள்.